அந்தப்புரத்து ஏணியும் ஏணிக்கு வெளியே இருந்தவர்களும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைச் சொன்னதும் ஏற்பாட்டாளர்களில் ஒருவர், "சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் சீனத்து ராணிகள் போடும் சண்டைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப்பேர் சப்டைட்டிலோடு இரவு இரண்டு மணிவரை இந்தத் தொடர்களைப் பார்க்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு, 'சும்மா டைம்பாஸ்' என்று சொல்லிக்கொள்கிறோம். ஐம்பது அறுபது மணி நேரத்தை ஒருவர் விரும்பிக் கொடுக்கிறார் என்றால் அது சும்மாவாக இருக்க முடியாது.

பார்க்காதவர்களுக்காக இரண்டு தொடர்களை மட்டும் அறிமுகம் செய்துவிடுகிறேன். ஒன்று, 2011இல் வந்த 'ஜென் ஹுவானின் கதை'. 76 எபிசோட். இயக்கியவர் ஜெங் ஷியாவ்லோங். மூலம், இணையத்தில் தொடராக வந்த ஒரு நாவல். நாவலில் கற்பனை அரசவம்சம்தான். தொடராக எடுக்கும்போது அதைச் சிங் வம்சத்துப் பேரரசர் யோங்ஜெங்கின் காலத்துக்கு, அதாவது 1722 முதல் 1735 வரையான ஆட்சிக்கு, மாற்றினார்கள். இன்னொன்று, 2018இல் வந்த 'யான்ஷி அரண்மனையின் கதை'. 70 எபிசோட். யோங்ஜெங்கின் மகன் சியான்லோங்கின் காலம். அந்த ஆண்டு உலக அளவில் கூகுளில் மிக அதிகமாகத் தேடப்பட்ட தொலைக்காட்சித் தொடர் அது. சீனாவுக்குள் கூகுள் கிடையாது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். தேடியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற வெளியாட்கள்.

கதை என்னவோ எளியதுதான். ஒரு பேரரசர், அவரைச் சுற்றிப் படிநிலைப்படி அடுக்கப்பட்ட மனைவிகள். சிங் அரண்மனை விதிப்படி பேரரசி ஒருவர். அவருக்குக் கீழே தலைமைத் துணைவி ஒருவர், அடுத்த நிலையில் இருவர், அதற்கடுத்து நால்வர், பிறகு ஆறு பேர். அதற்கும் கீழே மூன்று நிலைகள். அவற்றுக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை. பேரரசிக்கு ஆண்டுக்கு 1000 டேல் வெள்ளி, கடைசி நிலையில் இருப்பவருக்கு 30 டேல். உடையின் நிறம், பல்லக்கு, பணிப்பெண்களின் எண்ணிக்கை, குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கரி வரைக்கும் நிலைப்படி அளவு உண்டு. பேரரசரின் கண்ணிலிருந்து விழுந்தவளுக்கு நிர்வாகத்துறை புகை கக்கும் மட்டக் கரியைக் கொடுத்து அனுப்பும். அவள் விழுந்துவிட்டாள் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். கரி சொல்லிவிடும்.

'ஜென் ஹுவானின் கதை'யின் தொடக்கத்தில், பெண்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஒரு காட்சி. ஆன் லிங்ரோங் என்கிற பெண் கைதவறித் தேநீரை இன்னொருத்தியின் உடையில் சிந்திவிடுகிறாள். ஆன் லிங்ரோங்கின் தந்தை ஒரு சிறிய வட்டத்தில் உதவி அதிகாரி. தேநீர் பட்டவள் ஷியா தோங்சுன். அவள் அந்தச் சின்ன அதிகாரியின் பெயரைக் கேட்டு ஏளனம் செய்து, மன்னிப்புக் கேட்கச் சொல்லி மிரட்டுகிறாள். அவளுடைய தந்தை யார்? பேரரசர் குடும்பத்துக்குப் பரம்பரையாகக் கட்டுண்ட பணியாளர் படைப்பிரிவு ஒன்றின் தலைவர். அதாவது கட்டுண்ட குடியில் பிறந்தவள், தன்னைவிட ஒரு படி கீழே நிற்பவளைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் இருக்கிறாள். சில எபிசோட்களில் துணைவி ஹுவா இதே ஷியா தோங்சுனைத் தன் வரவேற்புப் பரிசாக அடித்து நடக்க முடியாதவளாக ஆக்கிவிடுகிறாள்.

'படிநிலைப்படுத்தப்பட்ட சமத்துவமின்மை' என்று அம்பேத்கர் சொன்னதை நான் வகுப்பில் விளக்க முயன்று திணறியிருக்கிறேன். மேலே ஒருவன் கீழே ஒருவன் என்ற ஒடுக்குமுறை எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் மேலே ஏறுவரிசையில் மரியாதையும் கீழே இறங்குவரிசையில் இழிவும் அடுக்கப்பட்டிருக்க, கடைசிப் படியில் இருப்பவரைத் தவிர எல்லாருக்கும் அந்த அடுக்கைக் காப்பாற்றுவதில் ஒரு சின்ன லாபம் இருக்கிறது என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அந்தத் தேநீர்க் காட்சி அதை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகிறது. இந்தத் தொடர்களின் ஈர்ப்பு பட்டாடையிலோ பழிவாங்கலிலோ இல்லை என்பது என் கருத்து. ஒரு படிநிலை உள்ளேயிருந்து எப்படி இயங்குகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு பொறுமையாகக் காட்டும் வெகுமக்கள் கலை வேறு அதிகம் இல்லை. அதைத்தான் கண்விழித்துப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கதைகளில் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. எந்தக் கிண்ணத்தில் தேநீர் வந்தது, யார் எத்தனை நொடி கழித்து எழுந்து வணங்கினார், பேரரசர் எந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினார் என்பதையெல்லாம் பார்வையாளரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு இந்த வாசிப்பு தேவையே இல்லை. கீழே இருப்பவர்களுக்கு இது உயிர்பிழைக்கும் கல்வி. உயர்கல்வி நிறுவனங்களில் முதல் தலைமுறையாக நுழைந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கல்வி நன்றாகத் தெரியும். 'எந்த ஊர்', 'ஊரில் எந்தத் தெரு' என்ற கேள்விகள் எதற்காகக் கேட்கப்படுகின்றன, பதிலுக்குப் பிறகு நெறியாளரின் குரலில் எது மாறியது, ஒரு கையெழுத்துக்காக மூன்று மாதம் அறை வாசலில் நிற்கும்போது நம்மிடம் உண்மையில் என்ன சொல்லப்படுகிறது? சாதிப்பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ஆனால் கரி மாறிவிடும். அப்படி நின்ற ஒருவர் இரவில் அறைக்கு வந்து ஜென் ஹுவானைப் பார்க்கும்போது, தான் பகலெல்லாம் தனியாகச் செய்த வாசிப்பைத் திரையில் ஒருத்தி செய்து, வெல்லவும் செய்கிறாள். அந்த ஆறுதலை நான் கேலி செய்ய மாட்டேன்.

சீனாவிலும் அலுவலகப் பணியாளர்கள் இந்தத் தொடரை வேலையிடத்தில் தப்பிப் பிழைக்கும் கையேடாகத்தான் வாசித்தார்கள். மேலதிகாரியை எப்படிக் கையாள்வது, யாரை நம்பக் கூடாது என்று அதற்கு விளக்கவுரைகளே வந்தன. 2013இல் 'பீப்பிள்ஸ் டெய்லி' நாளிதழில் தாவ் தோங்ஃபெங் என்ற பேராசிரியர் இதைக் கடுமையாக விமர்சித்தார். கொரியாவின் 'தே ஜாங் கம்' தொடரோடு ஒப்பிட்டு, அங்கே நல்லவள் நல்லவளாகவே இருந்து வெல்கிறாள், இங்கே கெட்டவர்களைவிடக் கெட்டவளாக மாறினால்தான் வெல்ல முடியும் என்று தொடர் கற்பிக்கிறது என்பது அவர் வாதம். நிலவுடைமைக் காலத்து மணமுறையின் கொடுமையைக் காட்டவே எடுத்தேன் என்பது இயக்குநரின் நிலைப்பாடு. 2019 தொடக்கத்தில் பெய்ஜிங்கின் அரசு சார்ந்த பத்திரிகை ஒன்று அரண்மனைத் தொடர்களின் தீமைகளைப் பட்டியலிட, 'யான்ஷி' தொடரின் மறு ஒளிபரப்புகள் தொலைக்காட்சிகளிலிருந்து காணாமல் போயின. சூழ்ச்சியைக் கற்றுத்தருகின்றன, பேரரசர்களைப் புகழ்கின்றன, இன்றைய நாயகர்களை மறக்கடிக்கின்றன என்பவை குற்றச்சாட்டுகள். ஓர் அரசு இப்படிப் பதறுவதைப் பார்த்தால் எனக்குத் தொடர்களின் மேல் மதிப்புத்தான் கூடுகிறது.

ஆனால் தாவ் தோங்ஃபெங்கின் விமர்சனத்தில் எனக்குப் போதாமை இருக்கிறது. ஜென் ஹுவான் நல்லவளா கெட்டவளா என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஏணியில் ஏறுகிறவர்களை மட்டும்தான் பார்ப்போம். ஏணியின் அடியில் கால்வைக்கவே அனுமதி இல்லாதவர்கள் யார்? சிங் அரண்மனைக்குத் துணைவியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எட்டுக் கொடிப்படைகள் என்ற ஆளும் படைச்சமூகத்தின் மகள்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அவர்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்கள். பணிப்பெண்கள் கட்டுண்ட பணியாளர் குடும்பங்களிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்பட்டார்கள். ஒரே வளாகம், இரண்டு வாசல்கள். எந்த வாசல் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது.

தொடரில் இந்த இடம் வெளிப்படும் பாத்திரம் ஹுவான்பி. ஜென் ஹுவானின் பணிப்பெண்ணாக வருகிறாள். உண்மையில் ஜென் ஹுவானின் தந்தைக்குப் பிறந்தவள். ஒரே தந்தை, ஒரே வீடு. ஒருத்தி நாற்காலியில் இருக்கிறாள், ஒருத்தி தேநீர்த் தட்டோடு நிற்கிறாள். ஹுவான்பியின் தாய், தண்டிக்கப்பட்ட அதிகாரி ஒருவரின் குடும்பத்துப் பெண். அதனால் அவளைக் குடும்பத்தில் சேர்க்க முடியாது, இறந்தபின் அவள் பெயர்ப்பலகையை முன்னோர் மாடத்தில் வைக்க முடியாது. ஹுவான்பி தொடர் முழுக்க ஏங்குவது அந்தப் பலகைக்காக. ஒருமுறை ஆன் லிங்ரோங், தனக்குப் பேரரசர் கொடுத்த அரிய பட்டை ஜென் ஹுவானுக்கு அன்போடு கொடுக்கிறாள். பிறகு அதே பட்டை ஹுவான்பி உடுத்தியிருப்பதைப் பார்க்கிறாள். தான் கொடுத்தது வேலைக்காரிக்குத்தான் தகும் என்று நினைத்துவிட்டார்களே என்று அவளுக்குள் ஏதோ ஒன்று முறிகிறது. அந்த வேலைக்காரி தோழியின் தங்கை என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவமானம் குறைந்திருக்குமா என்பது சந்தேகம். ரசிகர்கள் ஹுவான்பியைப் பேராசைக்காரி என்று திட்டுவதை நிறையப் படித்திருக்கிறேன். அவள் கேட்பது தன் தாய்க்கு ஒரு மரப்பலகை.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். இந்தத் தொடர்களில் மிக அதிகமாகக் காதில் விழும் வசை 'ஜியன்ரென்'. துணைவி ஹுவா வாயைத் திறந்தால் அதுதான். சப்டைட்டிலில் அது பெண்களைத் திட்டும் ஏதோ ஓர் ஆங்கில வசையாக வந்து போய்விடும். 'ஜியன்' என்றால் இழிந்த. 'ரென்' என்றால் ஆள். அது வெறும் வசை அல்ல. சிங் காலச் சட்டத்தில் 'லியாங்', 'ஜியன்' என்று இரண்டு நிலைகள் இருந்தன. லியாங், நல்ல குடி. ஜியன், இழிந்த குடி. இழிந்த குடி என்று பதிவு செய்யப்பட்டவர்கள் அரசுத் தேர்வு எழுத முடியாது, நல்ல குடியில் மணம் செய்ய முடியாது. பிறக்கும் பிள்ளைக்கும் அதே பதிவு. ஷான்ஷி, ஷான்ஷ்சி மாநிலங்களில் 'இசைக்குடிகள்' என்று அழைக்கப்பட்டவர்கள் இதில் அடக்கம். 1402இல் அரியணையைப் பறித்த யோங்லே பேரரசரை எதிர்த்த அதிகாரிகளின் மனைவி மக்கள்தான் இப்படித் தள்ளப்பட்டார்கள் என்பது அவர்களைப் பற்றிய வரலாறு. ஹுவான்பியின் தாய் நிற்கும் இடம் இதுதான். அடுத்த முறை அந்த வசை காதில் விழும்போது, நம் ஊரில் சாதிப்பெயரையே வசையாக ஆக்கி வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த தகவலுக்கு வருகிறேன். 1723ஆம் ஆண்டு, யோங்ஜெங் ஆட்சியின் முதலாம் ஆண்டு. தொடரின் கதை தொடங்குவதும் அந்த முதலாம் ஆண்டில்தான். அந்த ஆண்டு நியான் ஷி என்ற தணிக்கை அதிகாரி பேரரசரிடம் ஒரு மனு கொடுக்கிறார். இசைக்குடிகளின் இழிநிலைப் பதிவை நீக்க வேண்டும் என்பது கோரிக்கை. யோங்ஜெங் ஏற்றுக்கொள்கிறார். அதே ஆண்டு ஜெஜியாங் மாநிலத்தின் 'துவோமின்', அதாவது 'வீழ்ந்த மக்கள்' என்று அழைக்கப்பட்டவர்களின் பதிவும் நீக்கப்படுகிறது. 1729இல் குவாங்தோங்கின் படகுவாழ் மக்களுக்கும் கரையில் குடியேற அனுமதி வருகிறது. மனு கொடுத்த நியான் ஷி யார் தெரியுமா? தளபதி நியான் கெங்யாவின் மகன். நியான் கெங்யாவின் தங்கைதான் தொடரில் துணைவி ஹுவாவாக வருபவர். திரையில் 'ஜியன்ரென்' என்ற வசையைப் புகழ்பெறச் செய்த பாத்திரத்தின் அண்ணன் மகன், நிஜ வரலாற்றில் 'ஜியன்' என்ற பதிவை நீக்கச் சொல்லி மனுப் போட்டவர். 76 எபிசோட் எடுத்தவர்களின் கையருகே இது இருந்தது. அந்தப் பேரரசரின் படுக்கையறைக் கதவு நூறு முறை திறக்கிறது. இந்த மனு இருக்கும் மேசையைக் கேமரா எட்டிப் பார்க்கவே இல்லை.

உடனே யோங்ஜெங்கைச் சமூக நீதிக் காவலராக்கிவிட வேண்டாம். சிங் காலச் சட்டத்தை ஆராய்ந்த மேத்யூ சோமர், இதை விடுதலை என்பதைவிட, நல்ல குடிக்கு மட்டும் விதிக்கப்பட்டிருந்த பாலியல் ஒழுக்க விதிகளை எல்லாருக்கும் நீட்டித்த நடவடிக்கையாகவே பார்க்கிறார். அதுவரை இழிகுடிப் பெண்ணின் பாலியல் தொழில் அவள் பிறப்போடு சேர்ந்த வேலை என்று அரசு பொறுத்துக்கொண்டது. இனி அது குற்றம். பிழைப்புக்கு மாற்று வழி மட்டும் ஆணையில் இல்லை. நம் ஊரின் தேவதாசி ஒழிப்பு விவாதங்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. அதேபோல 'ஜியன்' நிலையும் சாதியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே இழிநிலைக்கு வேதம் கிடையாது, தீட்டுக் கோட்பாடு இந்த வடிவில் கிடையாது. அரசர் எழுதியதை இன்னோர் அரசர் அழிக்க முடிந்தது. ஆனால் அழித்த பிறகு என்ன நடந்தது என்பதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

எழுத்தாளர் லூ சுன் பிறந்த ஷாவோஷிங் ஊர், துவோமின் மக்கள் வாழ்ந்த இடம். 1933இல் அவர்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். துவோமின் பெண்கள் குறிப்பிட்ட வீடுகளுக்குப் பரம்பரையாக வேலைக்குப் போவார்கள். பண்டிகை, கல்யாணம் என்றால் வந்து நிற்பார்கள், இனாம் வாங்கிப் போவார்கள். குடியரசு வந்தபின் லூ சுன்னின் தாய், தங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண்ணிடம், இனி எல்லாரும் சமம், நீ வர வேண்டியதில்லை என்கிறார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக வருவோம் என்று பதில் சொல்கிறாள். யோங்ஜெங்கின் ஆணை வந்து ஏறக்குறைய 190 ஆண்டுகள் ஆகியிருந்தன! லூ சுன் இதை அடிமை மனநிலையாக வாசித்தார். சின்ன இனாமுக்காக அடிமையாய் இருக்கும் உரிமையையே விலைகொடுத்து வாங்குவார்கள் என்று கசந்தார்.

லூ சுன்னோடு எனக்கு இந்த இடத்தில் உடன்பாடில்லை. ஊர்ச்சோறு எடுத்த வண்ணார், நாவிதர் குடும்பங்களின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். குடிமை வேலையை விட்டபோது முதலில் நின்றது களத்துமேட்டு நெல். அந்தப் பெண்ணிடம் ஒரு வீட்டுக்காரம்மா, முற்றத்தில் நின்றபடி, 'நாம் சமம், இனி வராதே' என்கிறார். சமத்துவம் என்ற பெயரில் அவள் கைக்கு வந்தது வேலைநீக்கம். நிலமில்லை, தொழிலில்லை, கூலி பேசும் உரிமையில்லை. கோபப்பட்டது அடிமை மனமா, கணக்குத் தெரிந்த மனமா?

மேலே என்ன நடந்தது என்பதற்கு 'யான்ஷி' தொடரின் காலத்துக்கு வர வேண்டும். அதன் நாயகி வெய் யிங்லுவோ பூத்தையல் அறையின் பணிப்பெண்ணாக நுழைந்து, அக்காளின் சாவுக்குக் காரணமானவரைத் தேடி, பிறகு பேரரசரின் துணைவியாக உயர்கிறாள். ஜென் ஹுவான் முப்பது எபிசோட் பொறுத்துப் பதிலடி கொடுப்பாள். இவள் அடுத்த காட்சியிலேயே கொடுப்பாள். இளைஞர்களுக்கு இவளைப் பிடித்ததில் வியப்பில்லை. இந்தப் பாத்திரத்துக்கு அடிப்படையான வெய் குலத்துப் பெண் வரலாற்றில் உண்டு. கட்டுண்ட பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். சட்டப்படி அவர்கள் 'ஜியன்' இல்லை, ஆனால் பேரரசர் வீட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள். 1775இல் இறந்தார். அவர் மகனைப் பட்டத்து இளவரசராக 1795இல் அறிவித்தபோது, இறந்து இருபது ஆண்டு கழித்துப் பேரரசி பட்டம் கிடைத்தது. அவருடைய குடும்பத்தையும் கட்டுண்ட நிலையிலிருந்து எடுத்து மஞ்சு கொடிப்படை ஒன்றில் சேர்த்து, குலப்பெயரையும் மஞ்சு பாணியில் மாற்றினார்கள்.

அதே சியான்லோங் ஆட்சியில்தான், 1771இல், அவருடைய தந்தை விடுவித்த இழிகுடியினர் அரசுத் தேர்வு எழுதலாமா என்ற கேள்விக்கு விதி வகுக்கப்பட்டது. எழுதலாம், ஆனால் பழைய தொழிலை விட்டதாகப் பதிவுசெய்த நாளிலிருந்து நான்காம் தலைமுறைதான் எழுதலாம். அதுவரை உறவினர் எல்லாரும் 'சுத்தமாக' இருந்திருக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அரண்மனை வழியாக ஒரே தாவல். அரண்மனையில் மகள் இல்லாத ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு நான்கு தலைமுறைக் காத்திருப்பு. தனித்திறமை உள்ளவர் எப்படியும் மேலே வந்துவிடுவார் என்று நம்மிடம் சொல்கிறவர்கள் எப்போதும் முதல் குடும்பத்தைத்தான் காட்டுவார்கள். வெய் யிங்லுவோவை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவளுடைய வெற்றியைக் கொண்டாடும்போது ஏணி அப்படியே நிற்கிறது என்பதும், இப்போது அதற்கு ஓர் அழகான விளம்பரமும் கிடைத்துவிட்டது என்பதும் கண்ணில் பட வேண்டும்.

பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்காக இதையெல்லாம் பேசவில்லை. நானே ஜென் ஹுவானை இரண்டு முறை முழுதாகப் பார்த்தவள். மூன்றாவது முறை பாதியில் நிற்கிறது, ஆய்வேட்டின் ஐந்தாம் இயலும் அப்படியே. இந்த மூன்றாவது முறையில் சட்டகத்தின் ஓரத்தில் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எஜமானிக்கு மருத்துவர் வேண்டும் என்பதற்காகக் காவலர் வாளில் போய் விழும் லியூஜுவுக்கு எத்தனை வசனம் இருக்கிறது, கிணற்றில் பிணமாகக் கிடக்கும் ஃபுஸி என்ற பணிப்பெண்ணைப் பற்றி அதன்பிறகு யாராவது பேசுகிறார்களா என்று எண்ணிக் குறித்து வைக்கிறேன். ஃபுஸியின் சாவு புதிதாக வந்த துணைவியரைப் பயமுறுத்துவதற்கான ஒரு காட்சி. அவளுக்கு ஊர் எது, வீட்டில் யார் என்று தொடர் சொல்வதில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று தோழர் கை காட்டுகிறார். 'நிர்வாணா இன் ஃபயர்' பற்றி நான் பேசவே இல்லை என்று பின்வரிசையில் இருவர் முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேளுங்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.